முடிவைச் சொல்லாத முன்னோட்டம்



துப்பறியும் படங்களின் முன்னோட்டம் பற்றி இம்மாதம் வானொலியில் பேசியதன் சுருக்கம் இது.

எங்களுக்கு இந்தக் கலை புதிதல்ல. அந்தக் காலத்தில் படமாளிகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களில் கதைச் சுருக்கமும் இருக்கும். நாயகி ஆபத்தில் சிக்கும் கட்டத்தில் அது நின்றுவிடும். "மிகுதியை வெள்ளித்திரையில் காண்க" என்று போட்டிருப்பார்கள்.

பல்கேரியாவில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த ரொடொரோவ் என்ற அறிஞர் 1966இல் இதற்கு விளக்கம் தந்தார். துப்பறியும் கதைக்குள் இரண்டு கதைகள் உண்டு. நடந்து முடிந்த குற்றம் ஒன்று. அதை விசாரித்து அறிவது மற்றது. முதலாவதை ஒளித்துவைத்து இரண்டாவதைக் காட்டும்போது மர்மம் பிறக்கிறது. அகதி விசாரணையில் திகதி வரிசை பிசகாமல் சொல்லிப் பழகிய எங்களுக்கு இது தலைகீழான வழிதான்.

அந்த விளக்கத்துக்குப் பன்னிரண்டு வருடம் முன்பே, 1954இல், வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் ஏவிஎம் நிறுவனத்துக்காக 'அந்த நாள்' படத்தை இயக்கினார். 1943இல் ஜப்பானியர் சென்னையில் குண்டு போட்டதற்கு மறுநாள் கதை தொடங்குகிறது. துப்பாக்கி வெடிக்கிறது; சிவாஜி கணேசன் இறந்து விழுகிறார். பிறகு ஒவ்வொருவராக விசாரிக்க, இறந்தவரின் வேறு வேறு முகங்கள் தெரிகின்றன. பாட்டு ஒன்றுகூட இல்லை. அன்று வசூல் குறைவு, ஆனால் இன்றும் பேசப்படுகிறது. கொன்றது யார் என்று நான் சொல்லமாட்டேன்!

1960இல் 'சைக்கோ' படத்துக்கு ஹிட்ச்கொக் செய்த முன்னோட்டம் ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும். கொலை நடந்த வீட்டை அவரே சுற்றிக் காட்டுகிறார். முக்கியமான இடம் வந்ததும் பேச்சைப் பாதியில் நிறுத்துகிறார். கடைசியில் குளியலறைத் திரையை இழுக்க, ஒரு பெண் அலறுகிறாள். அந்த முகம்கூடப் படத்தில் அக்காட்சியில் வரும் நடிகையுடையதல்ல.

ரொறன்ரோவில் எங்கள் பிள்ளைகளும் குறும்படம் எடுக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கணக்காளனின் யோசனை ஒன்று. யார், ஏன், எப்படி என்ற மூன்று கேள்விகளையும் தாளில் எழுதுங்கள். முன்னோட்டத்தில் ஒன்றுக்கு மட்டும் பாதி விடை கொடுங்கள். மூன்றையும் சொல்லிவிட்டால் சனம் வீட்டிலேயே இருந்துவிடும்; மண்டப வாடகையும் கையைக் கடிக்கும்.