நாணயத்தில் அமர்ந்த நந்தி

ஒரு குலமோ ஒரு கழகமோ தன்னை உலகுக்கு அறிவிக்க விரும்பும்போது, நீண்ட உரையைக் காட்டிலும் ஒரு விலங்கின் உருவமே விரைந்து பணிபுரிகின்றது. சோழர் புலியையும் பாண்டியர் கயலையும் பொறித்தமை இதுபற்றியே. நல்லூரைத் தலைநகராகக் கொண்டு யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளோ நந்தியைத் தேர்ந்தனர்.

அந்த நந்தியை அவர்தம் செப்புக்காசுகளில் இன்றும் காணலாம். காசின் ஒருபுறம் நின்ற நிலையில் ஒரு மனித உருவம். மறுபுறம் படுத்திருக்கும் ஏறு. அதன் கீழே ‘சேது’ என்னும் தமிழ்ச் சொல். சிறிய வட்டத்துள் நிற்கும் எருதைப் பொறித்தால் கால்களே இடத்தைக் கவர்ந்துவிடும். படுத்த எருதோ வட்டத்துள் அடங்கி, எழுத்துக்கும் இடம் விடுகின்றது. எழுத்தறியாதவரும் கொம்பையும் திமிலையும் கண்டு காசை இனங்காண்பர். சைவ மன்னருக்கு நந்தி இறைவனின் ஊர்தி. கமக்காரனுக்கு எருது உழவின் துணை. எனவே அரண்மனைக்கும் வயலுக்கும் அச்சின்னம் பொதுவாயிற்று.

ஆயினும் இக்காசுகள் யாருடையவை என்பது பற்றி ஒரு வழக்கு எழுந்தது. ‘சேது’ என்ற சொல்லைக் கண்ட முன்னை ஆய்வாளர் சிலர், இவற்றை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுக்கு உரியனவாகக் கருதினர். அக்கருத்து நிலைத்திருந்தால், யாழ்ப்பாண அரசு தன் வரலாற்றுக்குக் கண்கூடான சான்றொன்றை இழந்திருக்கும். ஆனால் நின்ற மனித உருவம் இலங்கையின் இடைக்கால நாணய மரபைச் சார்ந்தது. சேதுபதிகளின் ஆட்சியோ 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிலைபெற்றது. ஆரியச்சக்கரவர்த்தியின் வெற்றியைப் பாடும் கொட்டகமக் கல்வெட்டிலும் ‘சேது’ என்னும் சொல் தலைப்பில் நிற்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இக்காசுகள் மிகுதியாகக் கிடைத்தமையும் இதற்குத் துணையாயிற்று. இவ்வாறு நந்தி தன் வீட்டுக்கு மீண்டது.

1619இல் போர்த்துக்கேயர் அவ்வரசை வீழ்த்தினர். சின்னத்தின் தேவையோ வீழ்ந்திலது. இன்று வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் என வழங்கும் அமைப்பின் சஞ்சிகை 1936இல் தேவாங்கின் பெயரைத் தாங்கி வெளிவந்தது. 1961இல் உலக வனசீவராசிகள் நிதியம் பண்டாவைத் தேர்ந்தபோது, கறுப்பும் வெள்ளையுமே போதும், அச்சுச் செலவும் குறையும் என்பதையும் எண்ணிற்று.

1938இல் சரணாலயமாக்கப்பட்ட சுண்டிக்குளத்தின் பறவைகளை ஆராய முனையும் மாணவர் குழுவொன்று தனக்கொரு சின்னம் தேடுமாயின், அச்செப்புக்காசு கூறும் பாடம் எளியது: மண்ணுக்கு உரிய உயிர், சில கோடுகள், ஒரே ஒரு சொல். காசின் எழுத்துத் தேய்ந்த பின்னரும் நந்தி தெரிகின்றது.