மலைநாட்டு யானை வேட்டையும் குண்டின் எடையும்

இலங்கையின் மத்திய மலைநாட்டில் தேயிலைக்கு முன்பு கோப்பி இருந்தது. கோப்பிக்கு முன்பு காடும் யானையும் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கோப்பித் தோட்டங்களுக்காகக் காட்டை அழித்தபோது, கோடரியோடு துவக்கும் மலையேறியது. யானையை வீழ்த்த எத்தனை கனமான குண்டு வேண்டும் என்பது அன்றைய துரைமாருக்கு உயிர் போகிற கேள்வி. குண்டு உரிய இடத்தை எட்டாவிட்டால் பத்தடி தூரத்தில் நிற்கும் யானை திரும்பிவிடும்.

அக்காலத்தில் துவக்குக் குழாயின் அளவை ஓர் எண்ணால் சொன்னார்கள். ஓர் இராத்தல் ஈயத்தில் அந்தக் குழாய்க்குப் பொருந்தும் உருண்டைகள் எத்தனை வார்க்கலாம் என்பதே அந்த எண். 10ஆம் எண் துவக்கின் உருண்டை ஏறத்தாழ 45 கிராம். 4ஆம் எண்ணுக்கு 4 அவுன்சு, அதாவது சுமார் 113 கிராம். எண் குறையக் குறையக் குண்டு கனக்கும்.

கனம் ஏன் வேண்டியிருந்தது என்பதற்கு விடை யானையின் மண்டையோட்டில் இருக்கிறது. வெளியே பாறைபோலத் தெரியும் அந்த நெற்றி உள்ளே தேனடைபோல் காற்றறைகள் நிறைந்தது. மூளை அவற்றுக்குப் பின்னால், தாழ்வாக ஒதுங்கியிருக்கிறது. மென்மையான ஈயக்குண்டு எலும்பில் பட்டதும் தட்டையாகி வழியிலேயே நின்றுவிடும். கருமருந்தின் காலத்தில் குண்டின் வேகத்தை ஓர் எல்லைக்கு மேல் கூட்ட முடியாது; வேகம் கூடாதபோது எடையைத்தான் கூட்ட வேண்டும். ஈயத்தோடு தகரமோ பாதரசமோ கலந்து குண்டைக் கடினமாக்கும் வழக்கமும் இதனாலேயே வந்தது.

இந்தக் கணக்கை மலைநாட்டில் விடாமல் போட்டுப் பார்த்தவர் சாமுவேல் வைட் பேக்கர். 1846இல் இலங்கை வந்த அவர், 1848இல் நுவரெலியாவில் ஆங்கிலேயக் குடியிருப்பு ஒன்றைத் தொடங்கி 1855வரை அங்கே வாழ்ந்தார். பிரிஸ்டல் நகரத்துத் துவக்குத் தயாரிப்பாளர் கிப்ஸ் 1840இல் அவருக்காகச் செய்த ஒற்றைக்குழல் துவக்கின் எடை 21 இராத்தல், ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோ. 3 அவுன்சு உருண்டையோ 4 அவுன்சுக் கூம்புக் குண்டோ அதில் போகும். அதோடு 16 இராத்தலில் 2 அவுன்சுத் துவக்கு ஒன்று, 15 இராத்தலில் 10ஆம் எண் இரட்டைக்குழல் துவக்குகள் நான்கு. குழாயினுள் வரிப்பள்ளம் இல்லாத துவக்கை அவர் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. இத்தனையையும் ஒருவர் தூக்கிக்கொண்டு காட்டில் நடக்க முடியாது. துவக்குத் தூக்கிகள் பின்னால் வந்தார்கள். வாய்வழி மருந்திட்டுக் கெட்டிக்க வேண்டிய துவக்கை யானைக்கு முன் நின்று மறுபடி நிரப்ப நேரமில்லை; அடுத்த துவக்கைக் கையில் வாங்கியாக வேண்டும். அந்தத் தூக்கி அஞ்சி ஓடிவிட்டால் எத்தனை கனமான குண்டும் வேட்டைக்காரனைக் காப்பாற்றாது. வேட்டையின் வரலாற்றில் அவர்களுக்கு இன்னும் பெரிய இடம் கிடைத்திருக்க வேண்டும்.

பேக்கருக்கும் முன்பே மேஜர் தாமஸ் ரொஜர்ஸ் பதுளையில் அதிகாரியாக இருந்தார். குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியான தம் நூலில் ரொஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாக எழுதினார். ரொஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார்; கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. இலங்கையில் ஆண் யானைகளிலும் மிகச் சிலவற்றுக்கே தந்தம் உண்டு. ஆகவே இந்தக் கொலைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தந்த வணிகம் காரணமல்ல. விளையாட்டும், பயிரைக் காக்கிறோம் என்ற பெயரில் அரசு கொடுத்த பரிசுப் பணமுமே காரணங்கள். 1851க்கும் 1856க்கும் இடையில் தென் மாகாணத்தில் மட்டும் 2,000 யானைகள் கொல்லப்பட்டன என்பதும் டெனன்ட் தரும் கணக்கு.

நுவரெலியாவில் கற்ற பாடம் ஆப்பிரிக்காவில் அப்படியே செல்லுபடியாகவில்லை. ஆசிய யானையை நெற்றியில் சுட்டு வீழ்த்திப் பழகிய பேக்கர், ஆப்பிரிக்க யானையின் மண்டை அமைப்பு வேறு, அதே குறி அங்கே பலிக்கவில்லை என்று கண்டார். அங்கே அவர் எடுத்துச் சென்ற துவக்கு ஒன்று அரை இராத்தல் வெடிகுண்டைச் சுட்டது. அதன் பின்னுதைப்புக்கு அவரே அஞ்சினார். எடையைக் கூட்டிக்கொண்டே போகும் வழி அத்தோடு முட்டி நின்றது எனலாம்.

வழியை மாற்றியது கோர்டைட் என்னும் புகையற்ற மருந்து. 1898இல் ரிக்பி நிறுவனம் வெளியிட்ட .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் துவக்கின் குண்டு 480 கிரெயின், அதாவது சுமார் 31 கிராம்தான். பேக்கரின் கூம்புக் குண்டில் அது நான்கில் ஒரு பங்குக்கும் சற்றே மேல். ஆனால் வினாடிக்கு ஏறத்தாழ 650 மீட்டர் வேகமும் உலோக உறையும் சேர்ந்ததால் அது எலும்பைத் துளைத்து நேராகச் சென்றது. 1912இல் வந்த .375 துவக்குக்கு 300 கிரெயின், சுமார் 19 கிராம், போதுமாயிற்று. ஆப்பிரிக்காவில் பெல் என்ற வேட்டைக்காரர் 7 மில்லிமீட்டர் துவக்கின் 11 கிராம் குண்டால் நூற்றுக்கணக்கான யானைகளைக் கொன்றார். யானையின் உடற்கூறு அவருக்கு மனப்பாடம். அதைப் பார்த்து மற்றவர்களும் சிறு துவக்கை எடுத்தால், குண்டைச் சுமந்துகொண்டு நாட்கணக்கில் புழுத்துச் சாகும் யானைதான் மிஞ்சும். ஆபத்தான பெருவிலங்குகளுக்குக் குறைந்தபட்சக் குழாய் அளவைப் பல ஆப்பிரிக்க நாடுகள் சட்டமாக்கியிருப்பது நியாயமே.

மலைநாட்டில் இந்த நவீனத் துவக்குகள் வந்தபோது சுடுவதற்கு அதிக யானைகள் இல்லை. 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் உருவானது. 1937இல் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கே இன்று மரைகள் மேய்கின்றன, யானை இல்லை. சிவனொளிபாத மலைக் காட்டில் மட்டும் எஞ்சிய மிகச் சில யானைகள், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த சரிவுகளுக்குள் ஒதுங்கித் திரிகின்றன.