தட்டைத்திரை விளையாட்டுகளை விஆர் ஹெட்செட்டில் இயக்குதல்

கணினித் திரைக்கென உருவான விளையாட்டை விஆர் ஹெட்செட்டுக்குள் கொண்டுவந்து, தலை சுற்றாமல் விளையாடும் நிலைக்கு ஆக்கும் தொழில்நுட்ப முயற்சி இது. 1990களின் நடுவில் தொடங்கி இன்றுவரை நடந்துவருகிறது. விளையாட்டு நிறுவனங்களுக்கும் ஹெட்செட் தயாரிப்பாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆயினும் வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர்கள் ஆர்வலர்கள். மூலநிரல் கையில் இல்லாத நிலையில், ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள் வெளியிலிருந்து நுழைந்து, விளையாட்டின் கேமரா எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடியவர்கள் அவர்கள். ஹெட்செட் திரைகள் கூர்மையான கதையாகவே இந்த வரலாறு பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அந்தக் கேமராவைத் தேடிய கதையாகப் பார்த்தால்தான் இதன் திருப்பங்கள் விளங்கும்.

ஒற்றைக் கேமராவின் சிக்கல்

தட்டைத்திரை விளையாட்டில் கேமரா ஒன்றுதான். அதைத் திருப்புவது மவுஸ். ஹெட்செட்டுக்கோ இரண்டு கேமராக்கள் வேண்டும். இரண்டும் ஆளின் தலையோடு சேர்ந்து திரும்ப வேண்டும். பெரியவர்களின் இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரம் சராசரியாக 63 மில்லிமீட்டர். விளையாட்டுக்குள் இருக்கும் அளவுகோலில் இந்த இடைவெளி கூடிப்போனால் தெருவும் வீடும் கொலு பொம்மைகளாகச் சுருங்கித் தெரியும். குறைந்துபோனால் சாதாரண நாற்காலிகூட ராட்சதனுக்குச் செய்ததுபோல் நிற்கும்.

அடுத்தது தாமதம். தலை திரும்பிய நொடிக்கும் படம் திரும்பும் நொடிக்கும் நடுவே ஏறத்தாழ 20 மில்லி விநாடிக்கு மேல் போகக்கூடாது என்று வால்வ் நிறுவனத்தில் பணியாற்றிய மைக்கேல் ஆப்ராஷ் 2012-ன் இறுதியில் விரிவாக எழுதினார். திரையில் விளையாடும்போது இதைப்போல் பல மடங்கு தாமதத்தை நாம் உணராமலே பொறுத்துக்கொள்கிறோம். ஹெட்செட்டில் பொறுக்க முடியாது. மலைப்பாதைப் பேருந்தில் புத்தகம் படித்தால் குமட்டுவது ஏன்? அசைவைக் காது உணர்கிறது, கண் உணரவில்லை. ஹெட்செட்டில் நடப்பது அதன் தலைகீழ்: கண் ஓடுகிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாவது, வேலைப்பளு. 1920×1080 திரையில் விநாடிக்கு 60 பிரேம் (முழுப் படம்) என்றால் கிராபிக்ஸ் கார்டு தீட்ட வேண்டியவை 12.4 கோடி புள்ளிகள். 2016-ல் வந்த எச்டிசி வைவின் திரை 2160×1200, வேகம் 90 பிரேம். லென்ஸின் வளைவை ஈடுகட்ட ஒவ்வொரு கண்ணுக்கும் 1512×1680 அளவில் பெரிதாகத் தீட்டிச் சுருக்க வேண்டியிருந்ததால் கணக்கு 45.7 கோடிக்குப் போனது. ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 11 மில்லி விநாடி. அது தவறினால் திரையில் வெறும் சிறு தடங்கல், ஹெட்செட்டில் வயிற்றைப் புரட்டும்.

இவை எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் சின்னச் சின்னவை மிஞ்சும். துப்பாக்கி விளையாட்டுகளில் நடுத்திரையில் இருக்கும் குறிப்புள்ளியை எடுத்துக்கொள்வோம். அது கண்ணாடியில் ஒட்டிய பொட்டுபோல ஒரே ஆழத்தில் வரையப்படுகிறது. எதிரி இருப்பதோ இருபது அடி தள்ளி. விரலை முகத்துக்கு முன்னால் நீட்டியபடி எதிர்ச்சுவரைப் பார்த்தால் விரல் இரண்டாகத் தெரியுமே, அதேபோல எதிரியைப் பார்த்ததும் குறிப்புள்ளி இரண்டாகிவிடும். எந்தப் புள்ளியால் சுடுவது? திரையில் முப்பது ஆண்டாக யாரும் கேட்கத் தேவைப்படாத கேள்வி இது. எதிரி நிற்கும் ஆழத்துக்கே குறிப்புள்ளியைத் தள்ளி வைப்பதுதான் பிற்கால மாட்கள் கண்ட தீர்வு. மாட் என்பது விளையாட்டின் மேல் ஆர்வலர்கள் பூட்டும் திருத்தப் பொதி.

முன்னோடிகள்

1995-ல் ஃபோர்ட்டே நிறுவனம் விற்ற விஎஃப்எக்ஸ்1 ஹெட்செட், தலை அசைவை உணர்ந்து டிசென்ட், சிஸ்டம் ஷாக் போன்ற விளையாட்டுகளுக்குள் பார்வையைத் திருப்பியது. கண்ணுக்கு 263×230 புள்ளிகள். பார்வைப் புலம் சுமார் 45 பாகை. ஜன்னல் வழியே எட்டிப்பார்க்கும் உணர்வுக்கு மேல் அதால் தர முடியவில்லை. இந்த வகைக் கருவிகள் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சந்தையிலிருந்து மறைந்தன.

ஹெட்செட்டுகள் இல்லாத இடைக்காலத்தில் வளர்ந்ததுதான் பின்னால் எல்லாவற்றுக்கும் அடித்தளமானது. ஷட்டர் கண்ணாடி போட்டுத் திரையை முப்பரிமாணமாகப் பார்க்கும் கலை அது. என்விடியா 2009-ல் வெளியிட்ட 3டி விஷன், விளையாட்டுக்குத் தெரியாமலே அதன் ஒற்றைக் கேமராவை இரண்டாக்கியது. அதன் உட்பொறி ஒரே வரியில் அடங்கும்: ஒரு புள்ளியின் ஆழத்திலிருந்து குவிதூரத்தை (திரைத் தளத்திலேயே இருப்பதாகத் தெரியும் ஆழத்தை) கழித்து, விடையைப் பிரிவளவால் (இரு கண் படங்களையும் எவ்வளவு விலக்குவது என்ற அளவால்) பெருக்கி, வலக்கண் படத்தில் அந்தப் புள்ளியின் கிடைமட்ட இடத்தோடு கூட்டு, இடக்கண் படத்தில் கழி. கிராபிக்ஸ் கார்டில் ஓடும் ஷேடர் நிரல்களில், கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளே இந்த வரியைச் செருகிவிடும்.

இந்தக் கணக்கை எதற்குப் போடுவது, எதற்குப் போடக்கூடாது என்பதுதான் டிரைவருக்குத் தெரியவில்லை. நிழலைக் கணக்கிடும் மறைபடத்தை நகர்த்திவிட்டால் தூணின் நிழல் தூணைவிட்டு விலகி மிதக்கும். தண்ணீரில் தெரியும் பிம்பம் ஒரு கண்ணுக்கு ஓரிடம், மறு கண்ணுக்கு வேறிடம். ஒளியை இறுதிக்கட்டத்தில் சேர்க்கும் புதிய வகை எஞ்சின்கள், அதாவது விளையாட்டை உள்ளிருந்து இயக்கும் அடிப்படை மென்பொருள்கள், வந்தபோது கோளாறுகள் பெருகின. ஹெலிக்ஸ் மாட், 3டிமிகோட்டோ முதலிய கருவிகளை எழுதிய ஆர்வலர்கள் ஒரு விளையாட்டில் இருக்கும் நூற்றுக்கணக்கான ஷேடர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து, எது நிழல், எது தண்ணீர் என்று அடையாளம் கண்டு கையால் திருத்தினார்கள். என்விடியா 2019-ல் 3டி விஷனைக் கைவிட்டது. அந்த உழைப்பு வீண்போகவில்லை. அதே அறிவுதான் ஹெட்செட்டுகளுக்கு இடம்மாறியது.

டூம் 3-ம் முதல் அலையும்

2012 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் இ3 விளையாட்டுக் கண்காட்சியில், டூம் விளையாட்டுகளை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேரின் ஜான் கார்மாக் ஒரு முன்மாதிரி ஹெட்செட்டைக் காட்டினார். பால்மர் லக்கி செய்த அந்தக் கருவி டேப் சுற்றி ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே ஓடியது டூம் 3, 2004-ல் வெளிவந்த பழைய விளையாட்டு. மலிவான லென்ஸ் படத்தை ஒரு பக்கம் வளைக்கும் என்றால், நிரல் அதை முன்கூட்டியே எதிர்ப்பக்கம் வளைத்துவிடும் என்ற எளிய யோசனையால் அகன்ற பார்வைப் புலம் கைகூடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் லக்கியின் ஹெட்செட், ஆக்குலஸ் ரிஃப்ட் என்ற பெயரில் கிக்ஸ்டார்ட்டர் நிதித்திரட்டல் தளத்தில் 2,50,000 டாலர் கேட்டு, 24 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. டூம் 3 பிஎஃப்ஜி பதிப்புதான் ரிஃப்டின் முதல் விளையாட்டு என்று அறிவிப்பும் இருந்தது. அக்டோபரில் அந்தப் பதிப்பு வெளியானபோது விஆர் ஆதரவு அதில் இல்லை. கருவியை உலகுக்கு அறிமுகம் செய்த விளையாட்டே கருவியோடு வரவில்லை.

2013 மார்ச் இறுதியில் பணம் கட்டியவர்களுக்கு முதல் ரிஃப்டுகள் போய்ச் சேரத் தொடங்கின. திரை 1280×800, அதுவும் இரு கண்களுக்கும் பாதி பாதி. அப்போது அதில் விளையாட முறையான விளையாட்டு அநேகமாக எதுவும் இல்லை. அந்த வெற்றிடத்தில் முதலில் வந்தது வால்வின் டீம் ஃபோர்ட்ரஸ் 2. அதே மாதம் ஜிடிசி என்ற விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் வால்வின் ஜோ லட்விக் அந்த அனுபவத்தை வெளிப்படையாகப் பகிர்ந்துகொண்டார். தலையால் பார்ப்பது, மவுஸால் சுடுவது என்று இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்பதே அவர்களின் பெரும் தலைவலி. பல வழிகளைச் சோதித்து, கடைசியில் பார்வையின் நடுவே ஒரு சிறு வட்டாரத்தை விட்டார்கள்: அதற்குள் மவுஸ் குறியை மட்டும் நகர்த்தும், எல்லையை முட்டினால் உடம்பு திரும்பும். ஹெட்செட் கைக்கருவிகள் வரும்வரை இதைவிடச் சிறந்த ஏற்பாடு கண்டுபிடிக்கப்படவில்லை என்றே சொல்லலாம்.

வெளியாட்களின் பக்கம், சைபர்ரியாலிட்டி என்ற புனைபெயரில் இயங்கிய நிரலாளர் தட்டைத்திரை விளையாட்டுகளை ரிஃப்டில் காட்டும் விரியோ பெர்செப்ஷன் என்ற திறந்தமூல டிரைவரை வெளியிட்டார். ஜெர்மனியின் ரால்ஃப் ஓஸ்டர்டாக் அதே 2013-ல் அதே வேலைக்கு வோர்ப்எக்ஸ் என்ற கட்டண மென்பொருளை விற்கத் தொடங்கினார். வோர்ப்எக்ஸ் இரண்டு வழிகள் தந்தது. ஒன்று, காட்சியை இரு கண்களுக்கும் இருமுறை தீட்டுவது. மற்றது, ஒருமுறை தீட்டிவிட்டு, ஆழத் தரவைக்கொண்டு புள்ளிகளை இடம்வலமாக நகர்த்துவது. இரண்டாவது வழி கார்டுக்கு இலகு. ஆனால் ஒரு தூணுக்குப் பின்னால் மறுகண்ணுக்கு மட்டும் தெரியவேண்டிய சுவர்த்துண்டு அசல் படத்தில் இல்லவே இல்லை, அதை ஊகித்து நிரப்ப வேண்டும். அதனால் பொருள்களின் ஓரங்களில் புகைமூட்டம்போல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும்.

உள்ளே உறங்கிய பாதைகள்

இந்த வரலாற்றின் மிக அழகான அத்தியாயம் ஏலியன்: ஐசொலேஷன் என்ற திகில் விளையாட்டு. 2014 இ3-ல் அதை உருவாக்கிய கிரியேட்டிவ் அசெம்பிளி அதன் விஆர் வடிவத்தைக் காட்டியது. அக்டோபரில் விற்பனைக்கு வந்த விளையாட்டில் அந்த வசதி அறிவிக்கப்படவில்லை. அமைப்புக் கோப்பில் ஒரு சிறு மாற்றம் செய்தால் அது விழித்துக்கொள்வதை ஆர்வலர்கள் விரைவிலேயே கண்டார்கள்! 2016-ல் புதிய ஹெட்செட்டுகள் வந்ததும் அந்தப் பழைய பாதை அடைபட்டது. நைப்ரே என்பவர் 2017-ல் மதர்விஆர் மாட் எழுதி மறுபடி திறந்தார். அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு, கதவின் கீற்று வழியே ஏலியனைப் பார்க்கும் காட்சியைத் திரையில் கண்டவர்களுக்கு அது ஒரு படம். ஹெட்செட்டில் அந்தக் கீற்று முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. முன்னால் குனிந்தால் வெளியே இன்னும் கொஞ்சம் தெரியும். குனியத்தான் தைரியம் வராது.

இதே தத்துவம் பத்தாண்டு கழித்துப் பேருருவில் திரும்பியது. ஏராளமான விளையாட்டுகளுக்கு எஞ்சினாக இருக்கும் அன்ரியல் 4, 5 ஆகியவற்றுக்குள் இருகண் தீட்டல் வசதி ஏற்கெனவே உண்டு. விளையாட்டை உருவாக்கியவர்கள் அதைப் பயன்படுத்தாமல் விட்டிருப்பார்கள், அவ்வளவுதான். பிரேடாக் என்ற புனைபெயர்க்காரர் 2024 ஜனவரியில் இலவசமாக வெளியிட்ட யூஇவிஆர், நினைவகத்தில் அந்த வசதியைத் தேடிப்பிடித்து எழுப்பிவிடுகிறது. விளையாட்டுக்கு ஒரு மாட் என்ற நிலை மாறி எஞ்சினுக்கு ஒரு மாட் என்றானது. தனித்தனியாக ஷேடர்களை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரும் பாய்ச்சல். இதே ஆள் முன்னதாக ரெசிடெண்ட் ஈவில் வரிசைக்கும் விஆர் கொடுத்தவர். அதன் 7-ம் பாகத்துக்கு கேப்காம் 2017-ல் தந்த விஆர் வசதி பிளேஸ்டேஷனோடு நின்றுவிட்டது. கணினியில் விளையாடுவோருக்கு அதை 2022-ல் தந்தது அவருடைய ஆர்இஃப்ரேம்வொர்க்தான்.

எஞ்சினின் மூலநிரலே பொதுவில் இருக்கும்போது வேலை வேறு தரத்துக்குப் போய்விடுகிறது. ஐடி சாஃப்ட்வேர் குவேக்கின் நிரலை 1999-லும் டூம் 3 நிரலை 2011-லும் திறந்துவிட்டது. டாக்டர் பீஃப் என்பவரும் அவருடைய குழுவும் இவற்றை 2019-ல் வந்த குவெஸ்ட் என்ற, கணினியே தேவைப்படாத ஹெட்செட்டுக்குள் குடியேற்றினார்கள். 2012-ல் டேப் சுற்றிய பெட்டிக்குள் கணினியோடு வயர் கட்டி ஓடிய டூம் 3, எட்டே ஆண்டில் வயரில்லாமல் முகத்தில் மாட்டும் கருவிக்குள்ளேயே முழுதாக ஓடியது. அசல் விளையாட்டின் கோப்புகளை விளையாடுபவர் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது இவ்வகை மாட்களின் நடைமுறை. 2022 செப்டம்பரில் ஸ்டீமில் இலவசமாக வந்த ஹாஃப்-லைஃப் 2 விஆர் மாட்டும் பல ஆண்டு உழைப்பின் விளைவே.

மில்லி விநாடிகளைத் திரட்டுதல்

கேமரா கிடைத்தாலும் வேகம் கிடைத்துவிடாது. கார்மாக் 2013-ல் விளக்கி எழுதிய டைம்வார்ப், தீட்டி முடித்த படத்தைக் காட்டும் முன் தலையின் கடைசி நிலைக்கு ஏற்பச் சற்றுத் திருப்பிவிடும். ஆக்குலஸ் 2016 இறுதியில் சேர்த்த ஸ்பேஸ்வார்ப், 45 பிரேம் மட்டுமே வந்தாலும் நடுவே ஊகப் படங்களை நுழைத்து 90 ஆக்கியது. லூக் ராஸ் என்பவர் ‘ரியல்’ என்று பெயரிட்ட தம் மாட்களில் இன்னொரு துணிச்சலான வழியை எடுத்தார்: ஒரு பிரேம் இடக்கண்ணுக்கு, அடுத்தது வலக்கண்ணுக்கு. கார்டின் சுமை ஏறத்தாழ பாதி. விலையாக, குறுக்கே வேகமாக ஓடும் பொருள்கள் இரட்டையாக நடுங்கும். அவருடைய மாட்களில் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, மாஃபியா ஆகியவற்றுக்கானவை 2022-ல் அவற்றின் வெளியீட்டாளரான டேக்-டூ நிறுவனத்தின் பதிப்புரிமை நடவடிக்கையால் நீக்கப்பட்டன. அந்த விளையாட்டுகளுக்கு நிறுவனமே விஆர் வடிவம் தந்திருந்தால் நடவடிக்கையில் நியாயம் பார்க்கலாம். தரவில்லை.

விமான, கார்ப் பந்தய விளையாட்டுகளின் நிலை வேறு. அங்கே பாத்திரமும் உட்கார்ந்திருக்கிறது, ஆளும் உட்கார்ந்திருக்கிறார். கண்ணும் காதும் அதிகம் முரண்படுவதில்லை. எனவேதான் ஐரேசிங், எலைட் டேஞ்சரஸ் ஆகியவற்றின் தயாரிப்பாளர்கள் மிகத் தொடக்கத்திலேயே தாங்களாகவே விஆர் ஆதரவு தந்தார்கள். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020 டிசம்பரில் தந்தது. அதன் கனத்த காட்சிகளைத் தாங்க முடியாதவர்களுக்குத் துணை நின்றது, 2022-ல் வந்த ஓப்பன்எக்ஸ்ஆர் டூல்கிட். பார்வையின் நடுவை மட்டும் முழுக் கூர்மையில் தீட்டி ஓரங்களை மங்கலாக விடும் வசதியை, விளையாட்டில் அது இல்லாதபோதும், வெளியிலிருந்து சேர்க்கும் இலவசக் கருவி அது.

இன்னும் இணங்காதவை

கதைக் காட்சிகள் இன்னும் முரண்டு பிடிக்கின்றன. அங்கே கேமராவை இயக்குநர் தம் கையில் எடுத்துக்கொள்கிறார். அதைத் தலையோடு கட்டினால் குமட்டல், கட்டாவிட்டால் கழுத்தைப் பிடித்துத் திருப்புவது போன்ற உணர்வு. பல மாட்கள் அந்த நேரத்தில் மட்டும் இருட்டறையில் பெரிய சினிமாத் திரையைத் தொங்கவிட்டு அதில் காட்சியைக் காட்டுகின்றன. பலர் சேர்ந்து விளையாடும் இணைய விளையாட்டுகளிலோ வழியே அடைபட்டிருக்கிறது. ஓடும் நிரலுக்குள் வெளியிலிருந்து நுழையும் எதையும் அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்கள் ஏமாற்று வேலையாகவே கருதும். சுவரை ஊடுருவிப் பார்க்க வந்தவனுக்கும் இரண்டாவது கண்ணைத் திறக்க வந்தவனுக்கும் அவற்றுக்கு வேறுபாடு தெரியாது. ஆகவே யூஇவிஆரைப் பயன்படுத்துவோருக்கு முதலில் சொல்லப்படும் எச்சரிக்கை, அதைத் தனியாள் விளையாட்டுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே.