கனடாவின் வடக்கே பறந்த தாத்தா விமானங்கள்

டிசி-3 விமானம் முதன்முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17 அன்று. இரண்டாம் உலகப்போரில் வீரர்களையும் சரக்கையும் சுமந்தது. போர் முடிந்ததும் இந்த ரகம் மலிவாக விலைக்குக் கிடைத்தது. கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் 1970-ல் தொடங்கப்பட்ட பஃபலோ ஏர்வேஸ், இதையும் இதேபோன்ற பழைய விமானங்களையும் வைத்தே பல பத்தாண்டுகள் தொழில் செய்தது.

புது விமானம் வாங்கக்கூடாதா என்று கேட்பீர்கள். அங்கே பல ஊர்களுக்கு ஆண்டு முழுவதும் செல்லும் சாலை கிடையாது. ஓடுபாதையோ சரளைக்கல். ஜெட் எஞ்சின் கல்லை உறிஞ்சினால் கெட்டுவிடும். டிசி-3 கரடுமுரடான, நீளம் குறைந்த பாதையிலும் இறங்கும்.

ஆனால் பராமரிப்பு லேசானதல்ல. கழித்துப்போட்ட விமானங்களில் இருந்து பாகங்களைக் கழற்றி மாட்ட வேண்டும். மைனஸ் 40 டிகிரியில் ஆயில் கெட்டியாகிவிடும். எஞ்சினுக்குப் போர்வை போர்த்தி, சூடான காற்றை ஊதிய பிறகுதான் கிளப்ப முடியும்.

2013 ஆகஸ்ட் 19 அன்று யெல்லோநைஃபில் இருந்து பயணிகளோடு கிளம்பிய டிசி-3-ன் வலது எஞ்சினில் தீப்பிடித்தது. திரும்பிவரும்போது ஓடுபாதையை எட்டுவதற்குள் விமானம் தரையில் விழுந்தது. நல்லவேளை, 24 பேரும் பிழைத்தார்கள். சிலிண்டரில் விரிசல், அதோடு அனுமதித்த அளவுக்கு மேல் எடை என்றது விசாரணை. கிழட்டு விமானத்துக்குக் கெட்டிக்கார மெக்கானிக் மட்டும் போதாது; ஏற்றும் சுமையை ஒவ்வொரு முறையும் கணக்குப் பார்க்கும் ஆளும் வேண்டும்.