தோள் மஞ்சளான தக்காளி

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் மண்டிக்குக் கணக்கெழுதியே எனக்கு வயது போய்விட்டது. உரக்கடையில் இந்த வருஷம் எது மலிவு என்பதைத் தக்காளிப் பெட்டியைப் பார்த்தே சொல்லலாம் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். கொஞ்சம் மிகைதான். ஆனாலும் பாதிக்கு மேல் உண்மை.

ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி 1906-லேயே சூப்பர் பாஸ்பேட் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. எங்கள் தாத்தா தோட்டத்துக்கு அது எட்டவில்லை. அவருக்கு உரமென்றால் தொழுவுரம், கோடையில் குளத்திலிருந்து வண்டி கட்டி அடித்த வண்டல், அறுப்பு முடிந்த காட்டில் போட்ட ஆட்டுக்கிடை. கிடைக்குக் கூலியாக நெல் அளந்தார்கள். அந்தக் காலத்துப் பழத்தை நினைத்து உருகுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ருசி இருந்தது, சரி. தோல் வெடித்த பழத்தைக் கேரளாவுக்கு லாரி ஏற்ற முடியுமா?

பெரியகுளத்தில் அன்னஞ்சி என்ற நாட்டு ரகத்திலிருந்து பி.கே.எம் 1 வந்தது. காயில் காம்பைச் சுற்றிப் பச்சைத் தோள் இருக்கும். அது ரகத்தின் குணம், குறையில்லை. முழுசாகப் பழுத்த பிறகும் தோள் மஞ்சளாக விறைத்து நின்றால்தான் வியாபாரி முகம் சுளிப்பார். பெரும்பாலும் அது சாம்பல் சத்துக் குறைவின் வேலை. இலையில் உண்டாகும் சர்க்கரையைப் பழத்துக்குக் கொண்டுபோகவும், சிவப்பு நிறம் முழுசாக ஏறவும் பொட்டாஷ் வேண்டும். வேளாண் பல்கலைக்கழகச் சிபாரிசு ஹெக்டேருக்கு 25 டன் தொழுவுரம், அடியுரமாக 75 கிலோ தழைச்சத்து, 100 கிலோ மணிச்சத்து, 50 கிலோ சாம்பல் சத்து. 30-ஆம் நாள் இன்னொரு 75 கிலோ தழைச்சத்து. கூடவே போராக்ஸும் துத்தநாக சல்பேட்டும். தாளில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

1992 ஆகஸ்டில் மத்திய அரசு மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. யூரியா மட்டும் கட்டுப்பாட்டிலேயே இருந்தது. அதன் விலையை 10 சதவீதம் குறைக்கவும் செய்தார்கள். பொட்டாஷ் நம் நாட்டில் வெட்டியெடுக்கப்படுவதில்லை, அத்தனையும் கப்பலில் வருவது. அதன் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. நாடு முழுக்கத் தழை, மணி, சாம்பல் சத்துகளை இட்ட விகிதம் 1991-92-இல் 5.9:2.4:1, அடுத்த ஆண்டே 9.5:3.2:1. சம்சாரியைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? யூரியா போட்ட நாலாம் நாள் செடி கருகருவென்று நிற்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. பொட்டாஷின் பலன் பழம் பறிக்கும்போதுதான் தெரியும், அதுவும் மண்டியில், வேறொருவர் கண்ணுக்கு.

தழைச்சத்து மிஞ்சினால் செடி இலையாக வளரும், பழுப்பது தள்ளிப்போகும், பழம் கொழகொழப்பாகும். அமோனியா வடிவத்தில் மிஞ்சினால் வேர் சுண்ணாம்புச் சத்தை எடுப்பதும் குறையும். காயின் அடி கறுத்துக் குழிவிழும் நோய்க்கு அதுவும் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சுவது. மண்ணில் சுண்ணாம்பு இருந்தும் நீரில்லாமல் காய்க்குப் போய்ச் சேராது. அடி கறுத்த காயைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, மருந்துக்கடைக்காரர் கொடுத்த பூஞ்சாணக்கொல்லி சரியில்லை என்று சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பூஞ்சாணமே இல்லாத நோய்க்கு மருந்து என்ன செய்யும்!

2010-இல் சத்துக்கேற்ற மானியம் வந்தது. அதிலும் யூரியா சேரவில்லை. இரண்டே ஆண்டில் பொட்டாஷ் விலை மூன்று மடங்கைத் தாண்டியது, மண்டியில் கழிவு மறுபடி கூடியது.

2017-இல் குளத்து வண்டலை விவசாயிகள் இலவசமாக அள்ள மாநில அரசு அனுமதித்தது. எங்கள் பக்கச் செம்மண் காடுகளுக்கு அது டிப்பரில் வந்து இறங்கியது. ஈரம் நின்றது, அடி கறுப்பது குறைந்தது. தோள் மஞ்சளுக்கு மட்டும் வண்டல் போதவில்லை. அதற்குப் பொட்டாஷ் மூட்டை வாங்கியே ஆக வேண்டியிருந்தது.