சவரக் கத்திக்குரிய கல்: ஆர்டென் கோட்டிக்யூலும் தர அளவைகளின் மாற்றமும்

முன்னுரை

மடக்குச் சவரக் கத்தியின் வரலாறு பெரும்பாலும் உருக்கின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும் அதில் விரிவான இடம் பெறுகின்றன. ஆயினும் பட்டறையில் பெற்ற முதற்கூர்மை நெடுநாள் நிலைப்பதில்லை. அதன்பின் அக்கத்தியின் பயன் முழுவதும் அது தீட்டப்படும் கல்லைச் சார்ந்தது. மழுங்கிய கத்திக்கு எக்கல் தகும் என்பதை முடிவுசெய்ய மக்கள் எவற்றை நம்பினர், அந்நம்பிக்கை எவ்வாறு இடம்மாறியது என்பவற்றைப் பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் கிடைக்கும் கோட்டிக்யூல் கல்லைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

தீட்டுதலின் இயல்பு

சுழலும் சக்கரத்தில் கூராக்குவதைச் சாணை பிடித்தல் என்றும், அசையாக் கல்லில் தேய்ப்பதைத் தீட்டுதல் என்றும் தமிழில் பொதுவாக வேறுபடுத்துவர். சவரக் கத்தியைப் பயன்படுத்துவோர் செய்வது பின்னதே. அடுக்களைக் கத்தியைத் தீட்டுபவர் அதன் சாய்வைத் தம் கையால் தீர்மானிக்கிறார். சவரக் கத்தியிலோ முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லின்மீது படிகின்றன. சாய்வுக் கோணத்தை முதுகின் தடிப்பும் அலகின் அகலமும் முன்னரே வகுத்துவிடுகின்றன. எனவே தீட்டுபவரின் கையில் எஞ்சுவன கல்லும் அழுத்தமும் மட்டுமே. கல்லின் தேர்வு இத்தொழிலில் இவ்வளவு முதன்மை பெற்றதற்குக் காரணம் இதுவே எனலாம். கல்லின் முகம் சமதளமாக இருத்தல் வேண்டும் என்ற கட்டாயமும் இதிலிருந்தே பிறக்கிறது.

மழுங்கிய விளிம்பு என்பது நுண்ணளவில் உருண்டுபோன விளிம்பாகும். அதன் இருபுறச் சரிவுகளும் மீண்டும் ஒரு கோட்டில் சந்திக்கும்வரை உலோகத்தை அரித்தெடுக்க வேண்டும். மிக மென்மையான கல்லை முதலிலேயே எடுப்பவர் சரிவுகளைப் பளபளப்பாக்குவாரேயன்றி விளிம்பை எட்டமாட்டார். ஆதலின் முரட்டுக் கல், இடைநிலைக் கல், நிறைவுக் கல், இறுதியில் தோல்வார் என்ற வரிசை தேவைப்பட்டது. எனவே எது சிறந்த கல் என்ற வினாவைவிட எந்நிலைக்கு எக்கல் என்ற வினாவே பொருளுடையது.

இடப்பெயரே தரம்

பாரிஸ் நகரக் கத்திக் கொல்லர் ழான் ழாக் பெரே 1769இல் தமக்குத்தாமே சவரம் செய்துகொள்ளும் கலையைக் கற்பிக்கும் நூலை வெளியிட்டார். கருவிகளைக் கூராக்குவதற்கு உரிய கற்களை இனங்காணும் முறையையும் அந்நூல் கற்பிக்கும் என்பதை அதன் நீண்ட தலைப்பே அறிவிக்கிறது. பட்டறைக்குள் கைமாறி வந்த கல்லறிவு, தொழில் சாராத வாசகரை நோக்கி அச்சேறியதற்கு இது தெளிவான சான்று. சவரம் செய்வோரை நாடாமல் தாமே சவரம் செய்துகொள்ள விழைந்தவர் அவருடைய கல்லறிவையும் பெறவேண்டியிருந்தது.

அக்காலத்தில் வாங்குவோருக்குக் கல்லின் தரத்தை உணர்த்தும் எண் எதுவும் இல்லை, இடப்பெயரே இருந்தது. இங்கிலாந்தின் சார்ன்லி வனம், ஜெர்மனியின் துரிங்கியா, பின்னர் அமெரிக்காவின் ஆர்கன்சா ஆகியன கல்லின் பெயர்களாகவே வழங்கின. ஆர்கன்சாக் கல்லுக்குரிய நோவாகுலைட் என்னும் கனிமவியல் பெயர் சவரக் கத்தியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கோட்டிக்யூல் என்பதும் தீட்டுக்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. பயனே பெயராகிவிட்டது.

வியெல்சால்ம் வட்டாரத்துக் கோட்டிக்யூல், ஓர்டோவிசியக் காலத்துப் படிவுகளில் ஊதா நிறப் பலகைக்கல்லுக்கு இடையே வெளிர்மஞ்சள் பட்டையாக ஓடுகிறது. பல பட்டைகள் சில சென்டிமீட்டர் தடிப்பே உடையவை. நிலத்தடியிலிருந்து வெட்டியெடுத்தாலும் விரிசலோ குவார்ட்சு இழையோ குறுக்கிட்டால் அத்துண்டு கத்திக்கு உதவாது. மெல்லிய துண்டுகள் உடையாதிருக்கப் பலகைக்கல்லின்மேல் ஒட்டப்பட்டன. சிலவற்றில் இயற்கையே இரண்டையும் பிரிக்கவியலாது பிணைத்திருந்தது. கிராஸ் பிளான்ஷ், வெனெத், திரசாந்த் எனப் பட்டைகளுக்குச் சுரங்கத்தார் தனிப்பெயர் இட்டிருந்தனர். இடப்பெயர் வெளியாருக்குரிய அளவை, பட்டைப்பெயரோ உள்ளாருக்குரியது. பின்னதே நுட்பம் மிக்கது என்பதில் ஐயமில்லை.

எண்ணின் வருகை

1870களின் இறுதியில் பெல்ஜிய அறிஞர் அல்ஃபோன்ஸ் ரெனார் இக்கல்லை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, மாங்கனீசு மிகுந்த ஸ்பெசார்ட்டின் வகைக் கார்னெட் மணிகள் அதில் செறிந்திருப்பதை விளக்கினார். அடுத்த பெருமாற்றம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. 1891இல் எட்வர்ட் ஆச்செசன், களிமண்ணையும் கரித்தூளையும் மின்னாற்றலால் சூடாக்கிச் சிலிக்கன் கார்பைடைப் பெற்றார். கார்போரண்டம் என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. எமரித் தூளைச் சல்லடையால் தரம்பிரிக்கும் வழக்கம் அதற்கு முன்னரே உண்டு. ஆயினும் ஆலையில் மணியின் அளவைத் தீர்மானித்துக் கல்லையே வார்த்தெடுக்கும் முறை பரவியபோது, இடப்பெயரின் இடத்தை எண் பற்றத் தொடங்கியது.

இவ்வெண் இயற்கைக் கல்லுக்குப் பொருந்துமா? பிற்கால ஜப்பானியத் தர அளவையில் 1000 எண் கல்லின் மணி சுமார் 11 மைக்ரோமீட்டர். 8000 எண்ணுடையது சுமார் 1.2 மைக்ரோமீட்டர். கோட்டிக்யூலின் கார்னெட் மணிகள் ஏறத்தாழ 5 முதல் 15 மைக்ரோமீட்டர் வரை உள்ளன. மணியளவை மட்டும் நோக்கினால் அது முரட்டுக் கல் வரிசையில் சேரவேண்டும். நடைமுறையிலோ அது சவரக் கத்தியின் நிறைவுக் கல். பலமுகங்கொண்டு உருண்டையை ஒத்த கார்னெட் மணிகள் மென்மையான மைக்காவில் பதிந்து சிறிதளவே வெளிநீட்டியிருப்பதால் கீறல் ஆழமாக விழுவதில்லை. மணியின் வடிவும் பதிவும் எண்ணில் அடங்கா.

வீழ்ச்சியின் காரணம்

இயற்கைக் கல்லைச் செயற்கைக் கல் வென்றது என்ற விளக்கம் எளிமையானது, ஆனால் போதாது. சிலிக்கன் கார்பைடு திறம்பட ஆற்றியது முரட்டு அரிப்பை. கோட்டிக்யூல் ஆற்றியது நிறைவை. ஒரே பட்டறையில் இரண்டும் அருகருகே இருக்கமுடியும். கோட்டிக்யூலின் சந்தையை ஒடுக்கியது வேறொரு கல் அன்று. தீட்டத் தேவையற்ற அலகே. ஜில்லெட் நிறுவனம் 1903இல் விற்றவை 51 சவரக் கருவிகளும் 168 அலகுகளும் மட்டுமே. முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையினருக்கு அக்கருவி இலட்சக்கணக்கில் வழங்கப்பட்டது. வீடு திரும்பியோர் அப்பழக்கத்தையும் உடன்கொண்டு சென்றனர். மழுங்கியதைத் தூக்கியெறியலாம் என்றானபின் எக்கல் தகும் என்ற வினாவே வீட்டிலிருந்து மறைந்தது. சவரத்தொழில் நிலையங்களில் மட்டும் அது மேலும் சில பத்தாண்டுகள் நீடித்தது.

வியெல்சால்ம் வட்டாரச் சுரங்கங்கள் 20ஆம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சால்ம்ஷாத்தோவின் பழைய பட்டறை இன்று அருங்காட்சியகம். ஒட்ரே அருகே மட்டும் பின்னர்ச் சிறிய அளவில் வெட்டுதல் மீண்டும் தொடங்கியது. அங்கிருந்து வரும் கல்லுக்கு இன்று தோராயமாக 8000 என்ற எண்ணும் கூறப்படுவதுண்டு. ஆனால் சிறு கோட்டிக்யூல் துண்டால் தேய்த்துப் பாற்குழம்பு எழுப்பினால் அதே கல் விரைவாக அரிக்கிறது. நீர் சேர்த்துக் குழம்பை நீர்க்கச் செய்யச்செய்ய அரிப்புத் தணிகிறது. வெறும் நீரில் மெருகிட மட்டுமே செய்கிறது. இம்மூன்று நிலைகளில் அந்த எண் எதனைக் குறிக்கிறது என்பதை விற்பனைச் சீட்டு சொல்வதில்லை.