தைலம்: ஒரு சொல்லும் இரு செய்முறைகளும்

நறுமண மருத்துவத்தை அறிமுகப்படுத்தும் எழுத்துகளில், அது பண்டை இந்தியரின் கலை என்னும் கூற்று அடிக்கடி இடம்பெறுகிறது. இக்கூற்றில் உண்மையும் உண்டு; குழப்பமும் உண்டு. குழப்பத்தின் வேர் ‘தைலம்’ என்னும் சொல்லில் உள்ளது.

‘தைலம்’ எள்ளைக் குறிக்கும் ‘திலம்’ என்னும் வடசொல்லடியாகப் பிறந்தது. ‘எண்ணெய்’ என்பதும் எள்ளின் நெய்யே. எனவே பழைய வழக்கில் தைலமென்பது பெரும்பாலும் மூலிகைச் சாரம் ஏறிய எள்நெய்யாகும். இன்று ‘தைலமரம்’ எனப்படும் யூகலிப்டசோ 19ஆம் நூற்றாண்டில் நீலகிரிக்குக் கொணரப்பட்ட ஆஸ்திரேலிய மரம். அதன் இலையை ஆவியில் வடித்துப் பெறும் நெய்யில் எள்ளுக்கு இடமில்லை. பொருள் மாறியது, பெயர் நிலைத்தது.

சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவியின் நீராட்டு விரிவாகக் கூறப்படுகிறது. பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீர், வாசநெய், கூந்தலைப் புலர்த்தும் புகை, கத்தூரிக் குழம்பு என அது தொடர்கிறது. துவர் முதலியவற்றின் பட்டியலை அடியார்க்குநல்லார் உரை தருகிறது. ஊறல், புகை, குழம்பு ஆகியவற்றைக் காணும் இடத்தில் வாலையில் வடித்தல் காணப்படவில்லை. 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத்சம்கிதையில், 16 பொருள்களிலிருந்து நந்நான்காகத் தேர்ந்தால் 1820 கலவைகள் அமையும் எனக் கணக்கிடுகிறார். கலவைக் கணிதம் இத்துணை வளர்ந்திருந்தும் அங்கும் பேசப்படுவன பொடி, புகை, நறுநீர் போன்றவையே.

வடித்தலின் தொன்மை தனி வழக்கு. தட்சசீலத்தில் ஜான் மார்ஷல் அகழ்ந்தெடுத்த மட்கலங்களை வடிகலன் எனக் கொள்வோர் உளர். எனினும் அவற்றில் வடித்தது மதுவா, நறுநீரா என்பது முடிவாகவில்லை. பூநெய் குறித்த தெளிவான செய்தி ஜஹாங்கீரின் நினைவுக் குறிப்பில் கிடைக்கிறது. நூர்ஜஹானின் தாயார் பன்னீர் காய்ச்சியபோது மேலே படர்ந்த நெய்யைத் திரட்டினார் என அது கூறும். கன்னோசியின் அத்தரோ இன்னும் வேறு. செப்புக் கலத்தில் எழும் மலராவி, மூங்கிற் குழாய் வழியே சென்று, நீரில் அமிழ்த்திய கலத்திலுள்ள சந்தன நெய்யில் படிகிறது. இது வடித்தலும் ஏற்றலும் கலந்த முறை எனலாம். ‘அரோமாதெரபி’ என்னும் பெயரோ பிரெஞ்சு வேதியியலாளர் கட்டபோசே 1937இல் வெளியிட்ட நூலால் பரவியது.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று. எள்நெய்த் தைலத்தை உடல் முழுதும் தேய்க்கலாம். வடிநெய்யை அவ்வாறு பூசினால் தோல் புண்படும்; யூகலிப்டஸ் நெய்யைச் சிறிதளவு விழுங்கினும் குழந்தைகளுக்கு வலிப்பு வரக்கூடும். மருத்துவச் சுவடிகளுக்கு உரை எழுதுவோர் ‘தைலம்’ என்பதை இன்றைய வடிநெய்யாகக் கொண்டால் அளவு முற்றிலும் பிறழும். சித்த மருத்துவத்தின் குழித்தைலமோ எள்நெய்யும் அன்று, ஆவி வடிப்பும் அன்று. மேலே எரியூட்டிக் கீழே குழியில் வைத்த கலத்தில் சொட்டவிடுவது. ஆதலின் சுவடியில் தைலத்தின் பெயரைவிட அதன் செய்முறை வரியே முதலில் நோக்கத்தக்கது.